இருபத்திரண்டாம் வரிசை, பதினேழாம் இருக்கை

அத்தியாயம் 14

மூன்று வருடமாகக் கருவிக்கொண்டிருந்தவள், நாள் வந்துவிட்டது என்றதும் காலை எட்டு மணிக்கே வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

எதிரே முட்டை நின்றது. கல்வெட்டில் அதற்குப் பெயர் கலையரங்கம். பத்திரிகைகளில் நகரத்தின் பெருமை. பஸ் கண்டக்டருக்கு அதெல்லாம் வாயில் நுழையாது. "முட்டை இறங்கு, முட்டை இறங்கு!" என்று கூவுவார், ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. மூலை என்று ஒன்று கிடையாது, கோணம் என்று ஒன்று கிடையாது. வெள்ளித் தகடு போர்த்திய முழு முட்டை, படுத்த வாக்கில். உள்ளே ஆயிரத்து இருநூறு இருக்கைகள்.

அழகில்லை என்று சொல்ல அவளுக்கே வாய் வரவில்லை. வயிற்றெரிச்சலே அதுதான். கட்டியவன் கூடப் பிறந்த அண்ணன்.

கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் பித்தளைத் தகடு. நிறுவனர்: அப்பா. கட்டடக் கலைஞர்: அண்ணன். மூன்றாவது வரி இருந்த இடத்தை யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். அங்கே மட்டும் தகடு கொஞ்சம் கூடுதலாகப் பளபளத்தது. 'ஒலியமைப்பு' என்று போட்டு அவள் பெயர் இருந்த இடம் அது.

சின்ன வயதில் பக்கத்து அறையில் ஊசி விழுந்தாலும் "ஊசி விழுந்துச்சு" என்பாளாம். பாம்புக் காது என்று அப்பா வைத்த பெயர் நாளடைவில் சுருங்கிப் பாம்பு ஆனது. படித்ததும் ஒலியியல். அப்பாவின் கட்டட நிறுவனத்தில் அண்ணனுக்குக் கண், இவளுக்குக் காது என்று பெருமையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, முட்டை வரும் வரை.

முட்டையின் உட்கூரை வழுவழுவென்று இருந்தால் வம்பு. மேடையில் ஓர் இடத்தில் கிளம்பும் ஓசை கூரையில் பட்டு, சிதறாமல், பார்வையாளர் பக்கம் ஒரே ஓர் இடத்தில் போய்க் குவியும். அங்கே கிளம்புவதும் அப்படியே திரும்பி வரும். நடுவில் இருப்பவனுக்குக் கேட்காது. இரண்டு முனையில் இருப்பவர்களுக்கும் காதோடு காதாகக் கேட்கும். கூரையில் புடைப்பான மரப்பலகைகள் வைத்து ஓசையை உடைக்க வேண்டும் என்று அவள் எழுதினாள்.

எழுதியதும் முறைப்படிதான். அப்பாவின் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. வரைபடத்தில் தப்புக் கண்டால் கடிதம், மின்னஞ்சல், ஒன்றும் கிடையாது. அந்த வரைபடத்தின் ஓரத்திலேயே சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா அதன் கீழே பச்சை மையில் பதில் எழுதுவார். "வீட்டுச் சண்டை மேஜையை விட்டு வெளியே போகக்கூடாது" என்பார். நகல் எடுக்கவும் விடமாட்டார்.

அவள் சிவப்பில் எழுதினாள். பச்சைப் பதில் வரவில்லை. வரைபடமே காணாமல் போனது.

மாதிரி அரங்கில் ஓசை குழம்பிய அன்று, அரங்கைக் கட்டச் சொன்ன அறங்காவலர் குழுவின் முன்னால் அண்ணன் எழுந்து நின்று, "கணக்குப் போட்டது என் தங்கச்சி. ஒரு வார்த்தைகூட எங்களை எச்சரிக்கலை" என்றான். அப்பா மேஜையைப் பார்த்தபடி, "என் பொண்ணு கணக்குத் தப்பிடுச்சு" என்றார். ஒப்புக்காகக் கூரையில் ஏதோ பூச்சுப் பூசினார்கள். பலகை மட்டும் வரவில்லை. பலகை வைத்தால் முட்டையின் வழுவழுப்புப் போய்விடும் அல்லவா? அதற்குப் பிறகு இவளை எந்த அரங்கமும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் எவ்வளவு இரைகிறது என்று அளந்துகொண்டிருந்தாள்.

போன வாரம் அந்த போன் வந்தது. பேசியது அறங்காவலர் குழுவின் தலைவி, நாடகக்காரம்மா.

"மேடையில நின்னா யாரோ காதுல பேசுறாங்கன்னு என் தச்சனுங்க ரெண்டு பேர் வேலையை விட்டே ஓடிட்டானுங்கம்மா. பேயாம். உன் அண்ணன் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரலை. நீ வந்து சோதனை பண்ணு. கிராஃப், பேப்பர் எல்லாம் எனக்கு வேண்டாம். என் காதுக்குக் கேட்கணும்."

"கேட்க வைக்கிறேன் மேடம்" என்றாள் பாம்பு.

---

வரவேற்பு மண்டபத்தில் கண்ணாடிப் படிக்கட்டின் கீழே அண்ணன் நின்றிருந்தான். கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடிச் சட்டம். பேட்டிக்கு வந்தவன் மாதிரி.

"வெளியாள் வர்றாங்கன்னு சொன்னாங்க. அது நீயா?"

"வெளியாள்தானே நான்?"

"பாம்பு, இன்னிக்கு வேண்டாம். மத்தியானம் மேடம் கையெழுத்துப் போட்டா அரங்கம் அவங்களுது. அப்புறம் நீயும் நானும் உட்கார்ந்து பேசலாம்."

"மூணு வருஷமா உட்கார்ந்துதானே இருக்கேன்."

"என்ன பண்ணப்போறே?"

"பலூன் உடைக்கப்போறேன்."

அவன் சிரித்தான். அரங்கைச் சோதிக்கப் பலூன் உடைப்பார்கள் என்பது அவனுக்கும் தெரியும். அவள் சிரிக்கவில்லை. பையின் வாரைச் சரிசெய்துகொண்டே, போகிற போக்கில் சொல்வதுபோல் சொன்னாள்.

"அந்தச் சிவப்பு ஓரம் எழுதின டிராயிங் எங்கே இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு அண்ணா."

பச்சைப் பொய். அது இருக்கிறதா, எரிந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. இருக்கிறது! எங்கேயோ இருக்கிறது! அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து சோம்பல் முறித்தது.

"யார் சொன்னா?"

"அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம்னு உனக்குத் தெரியாதா?"

இதுவும் பொய். அண்ணியின் வாயைப் பிடுங்கினாலும் ஒரு வார்த்தை வராது. அவன் சட்டென்று திரும்பி மனைவியைத் தேடினான்; போனில் கேட்கிற விஷயம் இல்லை. ஆனால் அண்ணி அந்த நேரம் மேல்மாடியில் விருந்தினர்களுக்கு மலர்ச்செண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். பதினொன்று வரை அவளைக் கீழே விடக்கூடாது என்று மேடை மேலாளரிடம் பாம்பு நேற்றே சொல்லி வைத்திருந்தாள்.

மேடை மேலாளர் பெரிய உடம்புக்காரர். நடந்தால் பலகை அதிரும், பேசினால் பூனை மாதிரி இருக்கும். இருக்கைப் பட்டியலும் அவர் பொறுப்பு. மேடைத் தரையில் வெள்ளை நாடாவால் பெருக்கல் குறி போட்டு ஒட்டிக்கொண்டே கேட்டார்.

"இங்கேதானேம்மா மேடம் நிக்கணும்?"

"ஒரு சாண் முன்பக்கம். இசைக்குழுவுக்குப் பள்ளம் வேணும்னு மேடையைப் பின்னாடி தள்ளிக் கட்டிட்டாங்கல்ல, அதனால புள்ளி நகர்ந்திருக்கு."

"எதிர் முனை?"

"இருபத்திரண்டாம் வரிசை, பதினேழு. அண்ணனுக்கு அந்தச் சீட்டு. பதினெட்டு அண்ணிக்கு."

அண்ணன் அந்த இடத்தை மறுக்கமாட்டான். முழு முட்டையும் கண்ணில் விழுவது அங்கேயிருந்துதான். பத்திரிகைகளில் வந்த படங்களில் எல்லாம் அவன் அந்த இருக்கையில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தான். மேடையை நகர்த்தியதோடு வம்பு தீர்ந்தது என்று நினைத்திருப்பான். கட்டடத்தைக் கண்ணால் மட்டும் பார்க்கிறவன்.

---

பதினோரு மணிக்குக் கதவுகள் திறந்தன.

காலி அரங்கில் கணக்குப் பலிக்காது. உடம்பும் துணியும் நிறைந்தால்தான் அது தன் சொந்தக் குரலில் பேசும். அதனால் ஊரையே அழைத்திருந்தார்கள். இரவு வேலை முடிந்த நர்சுகள், பஸ் டிரைவர்கள், தபால்காரர்கள் பாட்டுக்குழு, கைக்குழந்தையோடு நாடகப் பயிற்சிக்கு வரும் தாய்மார்கள். பலர் இதுவரை இப்படி ஒரு வாசலை மிதித்ததில்லை. செருப்பைக் கழற்றலாமா என்று ஒருவர் கேட்டார்.

நாடகக்காரம்மா மேடையில் ஏறினார். எழுபதை நெருங்கும் வயது. மைக்கைத் தள்ளி வைத்தார்.

"முப்பது வருஷம் கோடவுன்ல நடிச்சவ நான். மழை வந்தா தகரம் இரையும், வசனம் போகும். பாடுறவங்க பள்ளிக்கூட ஹால்ல தொண்டை கிழியப் பாடினாங்க. இது பணக்காரங்க வந்து போற இடமில்லை. நம்ம குரலுக்கு ஒரு வீடு. வீட்டுல குறை இருந்தா இன்னிக்கே தெரியணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

முன்வரிசையில் அப்பா கைத்தடி மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தார். மூன்று வருடமாக மகள் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, இன்றும் சிரிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பாம்பு சிவப்புப் பலூனை உடைத்தாள். குழந்தைகள் கைதட்டினார்கள். கருவியில் எண்கள் ஓடின. எல்லாம் நன்றாகவே இருந்தது. பின்வரிசையில் அண்ணன் கால்மேல் கால் போட்டான். அண்ணி அவசரமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது இப்போதுதான்.

"அடுத்தது அமைதிச் சோதனை" என்று பாம்பு அறிவித்தாள். "ரெண்டு நிமிஷம். ஏசி மட்டும் ஓடும். யாரும் பேசக்கூடாது, இருமல் வந்தா கைக்குட்டையை வச்சுக்குங்க. மேடம், நீங்க அந்த வெள்ளைக் குறி மேல நில்லுங்க."

"நான் என்ன பண்ணணும்?"

"கேட்கணும்."

ஆயிரத்து இருநூறு பேர் மூச்சை அடக்கினார்கள். பாம்பு மேடை ஓரத்துக்கு ஒதுங்கினாள். அங்கே ஒன்றும் கேட்காது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது நாடகக்காரம்மாவின் முகத்தை.

பத்து நொடி. இருபது. தூரத்தில் அண்ணனின் தலை மெல்ல அண்ணியின் பக்கம் சாய்ந்தது.

நாடகக்காரம்மாவின் புருவம் ஏறியது. திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை. அண்ணி ஏதோ சொல்வது தெரிந்தது. அண்ணன் கையை ஆட்டினான். நாடகக்காரம்மாவின் உதடு இறுகியது. ஒரு நிமிடம் முழுசாக அவர் அசையவில்லை. இரண்டு நிமிடம் முடிந்து மணி அடித்ததும்கூட அசையவில்லை.

பிறகு அந்தக் கோடவுன் குரலை எடுத்தார்.

"கட்டடக் கலைஞரே!"

அண்ணன் நிமிர்ந்தான்.

"எந்த டிராயிங்கை எரிக்கச் சொல்றீங்க?"

அரங்கம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"பரண் மேல, நீல ட்யூப்ல இருக்குன்னு சொன்னீங்களே, அது! 'அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, சாயங்காலத்துக்குள்ள எரிச்சுடு'ன்னீங்க. உங்க மனைவி, 'எரிக்காதீங்க, அதுதான் நமக்குப் பாதுகாப்பு'ன்னாங்க. யார்கிட்டேர்ந்தும்மா பாதுகாப்பு?"

அண்ணியின் கையிலிருந்த மலர்ச்செண்டு கீழே விழுந்தது. அண்ணன் எழுந்தான், எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். இருபத்திரண்டு வரிசைக்கு அப்பால் மனைவியின் காதில் குசுகுசுத்தது மேடையில் நிற்பவருக்கு எப்படிக் கேட்டது என்று அவனுக்குப் புரிய ஐந்து நொடி ஆனது. புரிந்ததும் கூரையைப் பார்த்தான். அவன் ஆசை ஆசையாகக் கட்டிய வழுவழுப்பான கூரை.

அந்தப் பார்வைக்காகத்தான் பாம்பு மூன்று வருடம் காத்திருந்தாள். இனித்தது. வெட்கமில்லாமல் இனித்தது.

"மேடம்," என்றாள் நிதானமாக, "அந்த டிராயிங் ஓரத்துல நான் சிவப்பு மையில எழுதியிருக்கிறது இந்தக் குறையைத்தான். எங்க ஆபீஸ்ல நகல் கிடையாது. அதை எடுத்துட்டாங்க, கணக்குத் தப்புன்னு என்னையும் எடுத்துட்டாங்க."

"நீல ட்யூப் இப்பவே இங்கே வரணும்" என்றார் நாடகக்காரம்மா. "மேனேஜர், அந்தம்மாவைக் கூட்டிக்கிட்டு நீங்களே போங்க. மூணு மணிக்கு எல்லாரும் இதே இடத்துல இருக்கணும். நான் படிக்கிறேன். அதுவரைக்கும் கையெழுத்து கிடையாது."

கூட்டம் சலசலத்தது. அப்போதுதான் கைத்தடிச் சத்தம் கேட்டது. அப்பா படியேறி மேடைக்கு வந்துகொண்டிருந்தார். நாலே படி, நாலுக்கும் நின்று மூச்சு வாங்கினார். பேரவைபோல் நிறைந்திருந்த கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"என் பொண்ணு கணக்குத் தப்பலை. நான் அன்னிக்குச் சொன்னதுதான் தப்பு."

 அண்ணனை அவமானப்படுத்தத்தான் வந்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவே நின்ற நாட்களில் எல்லாம் அவள் கேட்க ஏங்கியது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். அப்பா கையை அவள் தோளில் வைத்தார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

---

கூட்டம் தேநீருக்கு வெளியே நகர்ந்தது. அண்ணி மேடை மேலாளரோடு போய்விட்டாள். வழக்கம்போல யாரோ பார்வையாளர் பக்கத்து விளக்குகளை அணைத்தார்கள். மேடையில் மட்டும் வெளிச்சம் கொட்டியது. அப்பாவுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

"தண்ணி கொண்டுவரேன்ப்பா."

"மெதுவா வாம்மா."

பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்து, குளிர்நீர்க் குழாயில் டம்ளரை நிரப்பினாள். திரும்பும்போது பின்பக்கக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பதினேழாம் இருக்கை காலி. கூட்டத்தோடு கூட்டமாக அண்ணன் நழுவியிருக்கிறான்.

ஓர் அற்ப ஆசை வந்தது. அந்த இருக்கையில் ஒருதரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவன் சாய்ந்து படம் எடுத்துக்கொண்ட மாதிரியே, கால்மேல் கால் போட்டு. யாருக்கும் தெரியப்போவதில்லை. இருட்டில் தடவிப் போய், டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருக்கை முனகியது.

தூரத்தில் வெளிச்சத்தில் அப்பா சின்னதாகத் தெரிந்தார். முனகல் அவருக்குக் கேட்டதோ என்னவோ, தலையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணுக்கு மேல் கையைக் குவித்து இருட்டைத் துழாவினார். இடமும் வலமும் பார்த்துவிட்டு எழுந்தார். கைத்தடியை ஊன்றி, இரண்டு மூன்று அடி வைத்து, வெள்ளை நாடாக் குறி மேல் வந்து நின்றார்.

உதடு அசைந்தது. அடுத்த கணம் அவர் குரல் அவள் காதுக்குள்ளேயே இருந்தது.

"டேய்... நீ உட்கார்ந்திருக்கிறது தெரியுது. தலையைத் தூக்காதே. கேளு."



"மேடம் பக்கத்து ரூம்ல இருக்காங்க, அதான் இங்கே நின்னு பேசுறேன். அந்த டிராயிங்ல அவ சிவப்புக்குக் கீழே என் பச்சை இருக்குடா. 'பலகை வேண்டாம். இவளை இந்த வேலையிலிருந்து விலக்கு'ன்னு நான் எழுதினது. நாளைக்கு நான் பழியை உன் மேல போட்டுடுவேன்ங்கிற பயத்துலதானே உன் பொண்டாட்டி அதைப் பத்திரமா வச்சிருக்கா? அவ மேல தப்பில்லை. நீ அன்னிக்கு எங்கிட்ட எவ்வளவோ சொல்லிப் பார்த்தே, தங்கச்சி சொல்றது சரிதாம்ப்பான்னு. என் முட்டை என் முட்டைன்னு நான்தான் கேட்கலை. உன்னை அப்படிப் பேசச் சொன்னதும் நான்தான்."

டம்ளரில் தண்ணீர் தளும்பி அவள் மடியை நனைத்தது. 

"அவங்க போய்ச் சேர்றதுக்குள்ள நீ குறுக்கு வழியில போய் அந்த ட்யூபை எடுத்துடு. எடுத்து எரிச்சுடு. பழி உன் மேலயே இருக்கட்டும்டா. உனக்கு வயசு இருக்கு, வேற கட்டடம் கட்டுவே." குரல் உடைந்தது. "அவ இன்னிக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரிச்சா. அதை எங்கிட்டேர்ந்து பிடுங்கிடாதே."

அண்ணன் கூரையைப் பார்த்த பார்வை அவளுக்கு நினைவுக்கு வந்தது. காலையில் "பாம்பு, இன்னிக்கு வேண்டாம்" என்றானே, அந்தக் குரலும். ஆயிரத்து இருநூறு பேர் முன்னால் அவனை நிறுத்தி இனிக்க இனிக்க ரசித்தாளே! வாயெல்லாம் கசந்தது. அவன் யோக்கியன் இல்லை, அவளை விற்றவன்தான். ஆனால் விற்கச் சொன்ன கை அவள் தோளில் இருந்தது, பத்து நிமிடத்துக்கு முன்னால். அந்தக் கைக்குத்தான் அவள் சிரித்தாள்.

கசப்பு மெல்ல இறங்கியது. அதன் அடியில், மூன்று வருடமாக அவள் வளர்த்து வைத்திருந்த வஞ்சம் அப்படியே இருந்தது. அது வேறு பக்கம் தலையைத் திருப்பியது.

அப்பா காதைக் கூரைப் பக்கம் சாய்த்துப் பதிலுக்குக் காத்திருந்தார்.

"டேய், கேட்குதா?"

அவள் முன்னால் குனிந்தாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தேவையில்லை என்பது இந்த உலகத்தில் அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

"நல்லாக் கேட்குதுப்பா."

வெளிச்சத்தில் நின்ற உருவம் ஆடியது.

"அண்ணன் எப்பவோ போயிட்டான். நான்தான் உட்கார்ந்திருக்கேன்."

கைத்தடி மேடைப் பலகையில் விழுந்து உருண்டது. அந்தச் சத்தமும் பிசகாமல் கூரையேறி வந்து அவள் காதில் விழுந்தது.

"நாற்காலியில உட்காருங்க. தண்ணி கொண்டுவரேன்" என்றாள். "மூணு மணிக்கு டிராயிங் வரும். மேடம் சிவப்பைப் படிப்பாங்க. பச்சையையும் படிப்பாங்க."